நீளம் குறைந்த ஸ்பிரிங், நிற்காத லாக் ரிங்: முழுப் பணத்தையும் திருப்பித் தரக் கோரி

கொழிஞ்சாம்பாறை,
பாலக்காடு மாவட்டம்.

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: ஸ்விஃப்ட் காருக்கு வாங்கிய காயிலோவர் செட்டில் உள்ள குறைபாடு

ஐயா,

என் 2014 மாடல் ஸ்விஃப்ட்டுக்காக உங்களிடம் 42,000 ரூபாய்க்கு ஒரு காயிலோவர் செட் (வண்டியின் உயரத்தைக் கூட்டிக் குறைக்க உதவும் ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர் தொகுப்பு) வாங்கினேன். முன்பக்கத்து ஸ்பிரிங் இரண்டும் ஒரே நீளம் இல்லை. ஸ்பிரிங்கை வைத்த உயரத்திலேயே நிறுத்தும் லாக் ரிங் ஒன்றின் மரை பிடிக்கவில்லை. இரண்டு முறை புகார் சொல்லியும் "வீட்டில் மாட்டினால் வாரண்டி கிடையாது" என்றே உங்கள் ஊழியர் சொல்கிறார். "வீட்டிலேயே எளிதாக மாட்டலாம்" என்று விளம்பரத்தில் போட்டது நீங்கள்தானே?

நாங்கள் அவசரமாக மாட்டவில்லை. நெல் காயவைக்கும் சிமென்ட் களத்தில், ரசமட்டம் வைத்துப் பார்த்துச் சமமான இடத்தில் வண்டியை நிறுத்தினோம். வேலந்தாவளத்தில் டிராக்டர் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் என் மச்சான், போல்ட்டைக் குறித்த அளவுக்கு இறுக்கும் டார்க் ரெஞ்சோடு வந்தார். ஜாக்கியை மட்டும் நம்பாமல் இரண்டு பக்கமும் ஸ்டாண்ட் கொடுத்தோம். வண்டி தாழ்ந்தால், சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் லோயர் ஆர்மின் ரப்பர் புஷ் எப்போதும் முறுக்கிக்கொண்டே இருக்கும், சீக்கிரம் கிழியும். அதனால் அந்த போல்ட்டைத் தளர்த்தி, வண்டி சக்கரத்தில் நின்ற பிறகுதான் இறுக்கினோம். இவ்வளவு முக்கியமான விஷயம், உங்கள் விளக்கத் தாளில் ஒரு வரிகூட இல்லை.

இரண்டு ரிங்கையும் வெர்னியரில் அளந்து ஒரே உயரத்தில் வைத்தோம். ஸ்பிரிங் அமர்வதற்காக வண்டியை நாலைந்து முறை முன்னும் பின்னும் தள்ளினோம். அப்புறம் சக்கரத்தின் நடுப்பகுதியிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை டேப் வைத்துப் பார்த்தால், இடது பக்கம் 12 மில்லிமீட்டர் தாழ்ந்திருந்தது. ஒருவேளை என் வண்டியின் பாடியே சாய்ந்திருக்குமோ என்று பயந்து, ஸ்பிரிங்கைப் பக்கம் மாற்றிப் போட்டோம். சாய்வும் வலது பக்கம் போய்விட்டது. இரண்டையும் கழற்றி, வீட்டுச் சமையல் மேடையின் கடப்பாக்கல்லில் பக்கத்துப் பக்கத்தில் நிறுத்தினேன். கம்பியின் தடிமன் ஒன்றுதான், ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரும் ஒன்றுதான். ஒன்று மட்டும் 12 மில்லிமீட்டர் குட்டை. படங்களை இணைத்திருக்கிறேன்.

"அந்தப் பக்கத்து ரிங்கை ஏற்றி வையுங்கள்" என்றார் உங்கள் ஊழியர். சரி என்று குட்டை ஸ்பிரிங்கை இடது பக்கமே மாட்டி ரிங்கை ஏற்றினோம். ரிங்கைத் திருப்பும் சி ஸ்பேனருக்கு லாக் ரிங் இறுகுவதுபோல் இறுகி, ஒரு கட்டத்தில் வழுக்கியது. மரையில் விரலை வைத்துப் பார்த்தால் அலுமினியத் துகள் ஒட்டியது. அதன் பிறகு பிடித்ததுபோல் தெரிந்ததால், அலைன்மென்டுக்காகக் கோபாலபுரம் வழியாகப் பொள்ளாச்சி போனேன். திரும்பும் வழியில் ஒரு வேகத்தடையில் 'டக்' என்று பலமான சத்தம். பின் சீட்டில் என் மகள் இருந்தாள். ஓரங்கட்டிப் பார்த்தால் ரிங் இறங்கியிருந்தது. ஜாக்கி வைத்துச் சக்கரத்தைத் தொங்கவிட்டதும் ஸ்பிரிங் தான் அமரும் தட்டை விட்டு விலகிக் கையால் ஆட்டும் அளவுக்குத் தளர்ந்திருந்தது. உயரம் மாறினால் டோவும் (சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் கோணம்) மாறிவிடும், ஆகையால் அலைன்மென்டுக்குக் கொடுத்த காசும் வீண்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வாங்கும்போது "ஆர்டிஓ பிரச்சினை வராது" என்று உறுதி சொன்னீர்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறித்ததிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து போன வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதை உறுதிப்படுத்தியது. இது எனக்குப் பிறகுதான் தெரியவந்தது. விற்கும் உங்களுக்குத் தெரியாமல் இருக்க முடியாது.

வண்டிக்குப் பழைய ஸ்பிரிங்கையே திரும்ப மாட்டிவிட்டேன். மாற்று ஸ்பிரிங் வேண்டாம். 42,000 ரூபாயும் அலைன்மென்ட் செலவும் 15 நாட்களுக்குள் வேண்டும். செட்டை உங்கள் செலவில் எடுத்துக்கொள்ளுங்கள். இதே லாட்டில் வாங்கிய மற்றவர்களுக்கும் உடனே தகவல் சொல்லுங்கள், அவர்கள் இன்னும் அதில் ஓட்டிக்கொண்டிருப்பார்கள். பதில் வராவிட்டால் பாலக்காடு நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். வாங்கியவர் வசிக்கும் ஊரிலேயே புகார் கொடுக்க 2019-ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தருகிறது.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: பில், ஸ்பிரிங் அளவுப் படங்கள், லாக் ரிங் படம், அலைன்மென்ட் ரசீது