அடித்தளத்துக் குளியலறையின் சாவி யாரிடம்?

கட்டட நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். ‘வாஷ்பேசினில் உடம்பு கழுவக் கூடாது’ என்று கழிவறைக் கண்ணாடியில் திங்கட்கிழமை நீங்கள் ஒட்டிய அறிவிப்பைப் பார்த்தேன். சைக்கிளில் வரும் எங்கள் ஏழெட்டுப் பேருக்கான அறிவிப்பு அது என்பது எல்லோருக்கும் தெரியும். எங்களுக்கும் அங்கே கழுவ ஆசை இல்லை. அடித்தளத்தில் பூட்டிக் கிடக்கும் குளியலறையைத் திறந்துவிடுங்கள் என்று மூன்று முறை எழுதிக் கேட்டாகிவிட்டது.

சைக்கிள் ஓடும்வரை காற்று வியர்வையை உலர்த்திக்கொண்டே வரும். நிறுத்திப் பூட்டிய பிறகுதான் கொட்டும். அது அடங்குவதற்குள் சட்டை மாற்றினால் அதுவும் நனைந்துவிடும். அதனால் கழிவறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு கால் மணி நேரம் நிற்கிறேன். பை மாட்டக் கொக்கி இல்லை, கழுத்தில்தான் தொங்கும். ஈரத்துண்டால் துடைத்துவிட்டு, கொக்கு மாதிரி ஒற்றைக் காலில் நின்று பேன்ட் மாட்டும்போது சரியாக யாராவது கதவைத் தட்டுவார்கள். போன வியாழன் பேன்ட் கை நழுவித் தரையில் விழுந்தது. அந்தத் தரை எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். அதைப் போட்டுக்கொண்டுதான் பத்து மணி மீட்டிங்கில் உட்கார்ந்தேன்.

“சென்ட் அடித்துக்கொள்ளலாமே” என்றார் உங்களில் ஒருவர். புது வியர்வைக்கு வாடையே கிடையாது. தோலில் இருக்கும் பாக்டீரியா அதைச் சிதைக்கும்போதுதான் நாறும். கழுவாமல் சென்ட் அடித்தால் இரண்டும் சேர்ந்து வீசும். சந்தேகம் இருந்தால் என் பக்கத்து இருக்கைக்காரரைக் கேளுங்கள், பாவம்.

தண்ணீர் செலவாகும் என்கிறீர்கள். சாதாரண ஷவரில் நிமிடத்துக்கு 9 லிட்டர் வருகிறது என்று வையுங்கள். மூன்று நிமிடக் குளியலுக்கு 27 லிட்டர். முன்வாசல் புல்வெளியில் காலை முழுக்க ஓடும் குழாயைத் தாண்டித்தான் நான் தினமும் உள்ளே வருகிறேன். அப்புறம், வரவேற்பறையில் பளபளக்கும் அந்தப் பசுமைக் கட்டடப் பலகை! பசுமைக் கட்டடங்களுக்குத் தரும் லீட் (LEED) சான்றிதழின் நான்காம் பதிப்பில் சைக்கிள் வசதிக்கான புள்ளி வேண்டுமென்றால், கட்டடத்தில் வழக்கமாக இருக்கும் முதல் 100 பேருக்கு ஒரு ஷவர், அதற்கு மேல் ஒவ்வொரு 150 பேருக்கும் இன்னொன்று வேண்டும். நம் கட்டடத்தில் இருப்பதே ஒன்று. வரைபடத்தில் அது குளியலறை, நடப்பில் உடைந்த நாற்காலிகளின் ஆஸ்பத்திரி.

சரி, கோபத்தில் நீண்டுவிட்டது, மன்னிக்கவும். நாங்கள் கேட்பது அந்த அறையைத்தான். காலை எட்டிலிருந்து பத்துவரை திறந்துவையுங்கள். உள்ளே தாழ்ப்பாளும் இரண்டு கொக்கியும் போதும். நாள்கணக்காகக் குழாயில் தேங்கிய நீரில், நுரையீரலைத் தாக்கும் லீஜியோனெல்லா கிருமி வளரக்கூடும் என்பதால், திறக்கும் முன் பிளம்பரை விட்டு ஷவரைச் சுத்தம் செய்து, தண்ணீரை நன்றாக ஓடவிடச் சொல்லுங்கள்.

நாற்காலிகளை எங்கே வைப்பது என்பதுதான் தடை என்றால், இடத்தை மட்டும் காட்டுங்கள். சனிக்கிழமை வந்து நாங்களே தூக்கி வைக்கிறோம்.

இப்படிக்கு,
மூன்றாம் மாடியிலிருந்து, சைக்கிளில் வரும் ஒருவர்