பழைய ஆல்பங்களுக்கும் ஒரு மூலை ஒதுக்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 'இந்த ஆண்டின் சிறந்த இசை' என்று நீங்கள் போட்ட பட்டியலைப் பார்த்தேன். எல்லாமே புதிதாக வந்த சினிமாப் பாட்டுகள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, பேரன் வாயிலும் நாள் முழுக்க அதுதான். ஆனால் இந்த ஆண்டு நமக்குக் கிடைத்தது, இந்த ஆண்டு வெளிவந்ததாகவே இருக்க வேண்டுமா? எனக்குக் கிடைத்த இரண்டு ஆல்பமும் சுமார் ஐம்பது வருஷப் பழசு.

முதலாவது, அமெரிக்காவின் ஜாஸ் இசைக் கலைஞர் ஆலிஸ் கோல்ட்ரேன் 1971இல் வெளியிட்ட 'ஜர்னி இன் சச்சிதானந்தா'. செல்போனில் வேறு எதையோ தேடும்போது கண்ணில் பட்டது. போத்தனூர்க்காரன் இந்தப் பெயரைத் தாண்டிப் போக முடியுமா? பக்கத்துச் செட்டிபாளையத்தில் 1914இல் பிறந்து அமெரிக்கா போன சுவாமி சச்சிதானந்தாதான் அது. 1969இல் அமெரிக்காவில் நடந்த பெரிய வுட்ஸ்டாக் இசை விழாவைத் தொடங்கிவைத்துப் பேசியவர் என்று தெரியும். அவர் பெயரில் ஒரு ஜாஸ் (அமெரிக்கக் கறுப்பின மக்களிடம் பிறந்த இசை) ஆல்பம் இருப்பதை யாரும் எனக்குச் சொன்னதில்லை.

ஆலிஸின் கணவர் ஜான் கோல்ட்ரேன், பெரிய சாக்ஸபோன் கலைஞர். 1967இல் இறந்துபோனார். வீட்டுக்கென்று அவர் சொல்லி வைத்திருந்த ஹார்ப் (நம்ம யாழ் மாதிரி பெரிய நரம்பு வாத்தியம்), அவர் போன பிறகுதான் வந்து சேர்ந்ததாம். அந்த வாத்தியத்தைத்தான் ஆலிஸ் இதில் வாசிக்கிறார். துக்கத்தில் இருந்தவருக்கு சுவாமி குருவானார். ஐந்தில் நான்கு பாட்டுகள் 1970 நவம்பரில் நியூயார்க் பக்கம் அவர்கள் வீட்டு ஸ்டூடியோவிலேயே பதிவானவை.

முதல் பாட்டைச் சொல்லியே ஆக வேண்டும். தம்பூராவில் ஆரம்பிக்கிறது. வாசித்தவர் பெயர் துளசி. செசில் மெக்பீ பேஸில் (கனத்த குரல் கொண்ட பெரிய தந்தி வாத்தியம்) சின்னதாக ஒரு வரியை எடுத்து, அதையே சுற்றிச் சுற்றி வாசிக்கிறார். அதன்மேல் ஹார்ப், அப்புறம் ஃபரோவா சாண்டர்ஸின் சாக்ஸபோன், அவசரமே இல்லாமல். லேத் பட்டறையில் காலம் தள்ளியவன் நான். நாள் முழுக்க ஒரே சுருதியில் ஓடும் மோட்டார் பழகிய காதுக்கு இந்த இசை சட்டென்று பிடிபட்டது. கடைசிப் பாட்டு மட்டும் கச்சேரியில் பதிவானது. அது எனக்கு இன்னும் ஒட்டவில்லை.

இரண்டாவது, நம் இசையையும் ஜாஸையும் கலந்து வாசித்த 'சக்தி' குழுவின் முதல் ஆல்பம். 1975இல் நியூயார்க் மாநிலத்தில் ஒரு கல்லூரியில் நடந்த கச்சேரி. அடுத்த ஆண்டு வெளியானது. ஜான் மெக்லாக்லின் கிட்டார், எல். சங்கர் வயலின், ஜாகிர் உசேன் தபலா, விக்கு விநாயக்ராம் கடம், ராம்நாட் ராகவன் மிருதங்கம். 2024 டிசம்பரில் ஜாகிர் உசேன் மறைந்தபோது தேடிக் கேட்டேன். 'ஜாய்' என்ற முதல் பாட்டு 18 நிமிஷம், எடுத்த எடுப்பிலேயே ஓட்டம். கடத்தைப் பக்கவாத்தியமாகவே கேட்டு வளர்ந்தவர்கள் இதில் விநாயக்ராமைக் கேட்க வேண்டும். (இலவச ஆப்பில் கேட்டால், ஓட்டம் உச்சத்தில் இருக்கும்போது பிரஷர் குக்கர் விளம்பரம் குறுக்கே வருகிறது. அதற்கு யாரிடம் புகார் செய்வது?)

இதையெல்லாம் யாராவது எடுத்துச் சொன்னால்தானே தெரியும்? கேசட் கடை இருந்த காலத்தில் விற்பவர் சொல்வார், அட்டையைத் திருப்பினால் வாசித்தவர்கள் பெயர் இருக்கும். இப்போது ஆப் தானாகவே அடுத்த பாட்டுக்குப் போய்விடுகிறது. ஞாயிறு இதழில் கால் பக்கம் போதும். வாரம் ஒரு வாசகர், தான் புதிதாகக் கண்டெடுத்த ஒரு பழைய ஆல்பம், அது வந்த ஆண்டு, அதில் வாசித்தவர்களின் பெயர்கள். நாகஸ்வர இசைத்தட்டு ஆனாலும் சரி, ஜாஸ் ஆனாலும் சரி. முதல் வாரத்துக்கு வேறு யாரும் எழுதவில்லை என்றால் ஆலிஸ் கோல்ட்ரேனைப் பற்றி நானே விரிவாக எழுதித் தருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற லேத் தொழிலாளி,
போத்தனூர், கோவை.