முதலில் நட்டு போல்ட், அப்புறம் கேம் ஷாஃப்ட்

அன்புள்ள மகளுக்கு,

உன் லோட்டஸ் செவன் பாணி வண்டியில் கேம் ஷாஃப்ட் (எஞ்சின் வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு) மாற்றினால் எவ்வளவு குதிரைத்திறன் கூடும் என்று கேட்டிருந்தாய். அதை இந்த வருஷம் தள்ளி வை அம்மா. 1957-ல் லோட்டஸ் செவனைக் கொண்டுவந்த காலின் சாப்மேன், வேகத்தை எடைக் குறைப்பில்தான் தேடினார். 1973-ல் அந்த வண்டியின் உரிமை கேட்டர்ஹாமுக்குப் போனது. அதே பாணியில் எத்தனையோ கிட் கார்களும், அதாவது பாகங்களாக வாங்கி வீட்டிலேயே பூட்டும் வண்டிகளும், வந்துவிட்டன. அடிப்படை மட்டும் மாறவில்லை: இரும்புக் குழாய்ச் சட்டம், அதன்மேல் ரிவெட் அடித்த அலுமினியத் தகடு, எல்லாம் சேர்த்து 500-600 கிலோ. எஞ்சின் அதிர்வும் சாலை அதிர்வும் நேராகச் சட்டத்துக்கே போகும். அதனால் நட்டு தளரும், பிராக்கெட்டில் விரிசல் விடும். போதாக்குறைக்கு இது யாரோ வீட்டில் பூட்டிய வண்டி. ஒவ்வொரு போல்ட்டிலும் நீயே ஒருமுறை ஸ்பேனர் வைக்கும்வரை எதையும் நம்பாதே.

ஜாக்கியைத் தரைத் தகட்டில் வைக்கவே கூடாது, அலுமினியம் குழிந்துவிடும். முன்பக்கம் இரண்டு மூன்று குழாய்கள் சேரும் மூலையில் ஒரு மரத்துண்டை இடையில் கொடுத்துத் தூக்கு. பின்பக்கம் ஆக்ஸிலின் கீழே தூக்கலாம். தூக்கியதும் ஸ்டாண்டில் இறக்கிவிடு. வெறும் ஜாக்கியை நம்பி ஒரு நிமிஷம்கூட அடியில் படுக்காதே.

சஸ்பென்ஷனிலிருந்து தொடங்கு. டார்க் ரெஞ்சும் (குறித்த அளவு விசையில் இறுக்கும் ஸ்பேனர்) கையேடும் பக்கத்தில் இருக்கட்டும். நட்டை இறுக்கிய பிறகு நட்டுக்கும் பிராக்கெட்டுக்கும் சேர்த்து பெயிண்ட் பேனாவால் ஒரு கோடு போடு. அடுத்த முறை கோடு விலகியிருந்தால் நட்டு நகர்ந்திருக்கிறது என்று அர்த்தம். வண்டியை மீண்டும் தூக்காமலே டார்ச் அடித்துப் பார்த்துவிடலாம். நைலாக் நட்டைக் கழற்றினால் திரும்பப் போடாதே. உள்ளே இருக்கும் நைலான் வளையம்தான் பிடிமானம், ஒருமுறை மரை ஏறி இறங்கியதும் அதன் பிடி குறைந்துவிடும். புதிது பூட்டும்போது போல்ட்டின் மரை நட்டுக்கு வெளியே இரண்டு சுற்றாவது தெரிய வேண்டும். எக்ஸாஸ்ட் பக்கத்தில் நைலாக் வேண்டவே வேண்டாம். 120 டிகிரிக்கு மேல் நைலான் தாங்காது, அங்கே முழு உலோக லாக் நட்டுதான் போட வேண்டும்.

ரப்பர் புஷ் (நடுவில் உலோகக் குழாய் உள்ள ரப்பர் உருளை) உள்ள போல்ட்டுகளில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். புஷ்ஷின் உள் குழாயை போல்ட் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். சக்கரம் அசையும்போது ரப்பர்தான் முறுக்கிக் கொடுக்கிறது. சக்கரம் தொங்கும் நிலையில் இறுக்கிவிட்டால், வண்டி தரையில் நிற்கும்போதே ரப்பர் முறுக்கிக்கொண்டு இருக்கும். கொஞ்ச நாளில் கிழிந்துவிடும். கையால் இறுக்கி வை, வண்டியைச் சக்கரத்தில் இறக்கி நாலு முறை அமுக்கிவிட்டு, அப்புறம் டார்க் ரெஞ்சால் இறுக்கு.

சஸ்பென்ஷன் கைகளின் முனையில் இருக்கும் ரோஸ் ஜாயிண்ட்டில் ரப்பரும் இல்லை, புஷ்ஷும் இல்லை, உலோகக் குண்டு மட்டும்தான். மண்ணும் தண்ணீரும் புகுந்தால் சீக்கிரம் ஆட்டம் வந்துவிடும். விரலை ஜாயிண்ட் மேல் வைத்துக்கொண்டு யாரையாவது சக்கரத்தை அசைக்கச் சொல். 'டிக்'கென்று விரலில் தெரிந்தால் மாற்ற வேண்டியதுதான். கிரீஸ் பூசிச் சரிக்கட்டப் பார்க்காதே, அது மண்ணைத்தான் பிடித்து வைக்கும். நீளம் மாற்றும்போது மரை எவ்வளவு உள்ளே போயிருக்கிறது என்று பார். மரையின் விட்டத்தைப்போல் ஒன்றரை மடங்காவது உள்ளே இருக்கட்டும், 12 மி.மீ. மரை என்றால் 18 மி.மீ. லாக் நட்டை மறக்காமல் இறுக்கு.

சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டு. ஆடினால் பேரிங் அல்லது பால் ஜாயிண்ட். இடமும் வலமும் ஆட்டினால் மட்டும் ஆட்டம் தெரிகிறதா? அப்படியானால் ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராட்டின் முனையையும் ஸ்டியரிங் ரேக்கைச் சட்டத்தோடு பிடிக்கும் கிளாம்ப்பையும் பார்.

அடுத்தது சட்டம். பவுடர் கோட்டிங் பார்க்க அழகு, ஆனால் ஒரு இடத்தில் விரிசல் விட்டால் போதும், தண்ணீர் உள்ளே நுழைந்து வெளியே தெரியாமல் துரு பரப்பும். தோல் உப்பியிருக்கும் இடத்தையெல்லாம் ஸ்க்ரூ டிரைவர் முனையால் தட்டிப் பார். உப்பலைச் சுரண்டி, துருவை எடுத்து, பிரைமர் அடித்துப் பெயிண்ட் போடு. குழாயே மெலிந்துபோயிருந்தால் பெயிண்ட் போட்டு மறைக்காதே, வெல்டிங் தெரிந்தவரிடம் கொண்டு போ. இரும்பும் அலுமினியமும் தொடும் இடத்தில் உப்புத் தண்ணீர் பட்டால் அலுமினியம்தான் அரிக்கும். ரிவெட்டைச் சுற்றி வெள்ளைப் பொடி கண்டால் அதுதான். அந்த ரிவெட்டைத் துளையிட்டு எடு, இரண்டு பரப்பையும் துடைத்து பாலியூரித்தேன் சீலன்ட் தடவி, அதே விட்டத்தில் புது ரிவெட் அடி. துளை பெரிதாகிவிட்டிருந்தால் அடுத்த அளவு ரிவெட் போடு.

பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரம் இழுக்கும். டாட் 4 என்ற தர பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரியில்தான் கொதிக்கும். 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்தால் அந்தக் குறைந்தபட்ச வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. ஓடினாலும் ஓடாவிட்டாலும் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றிவிடு. சிலிகான் வகையான டாட் 5-ஐ இதோடு கலக்கவே கூடாது. பிரேக் குழாயிலிருந்து ஏர் எடுக்கும்போது பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டை வை. பெடல் அமுக்கும் பழைய மாஸ்டர் சிலிண்டரில் வழக்கமாக சீல் போகாத அடிப்பகுதி அரித்திருக்கலாம். பெடலை முழுசாக அமுக்கினால் சீல் அங்கே உரசிக் கிழிந்துபோகும். நேற்றுவரை நன்றாயிருந்த பிரேக், ஆயில் மாற்றிய அன்றைக்கே அமுங்கிப் போவது பெரும்பாலும் இதனால்தான்.

டயர் தேயும் முன்பே கிழடாகிவிடும், ஏனென்றால் இந்த மாதிரி வண்டி கொஞ்சம்தான் ஓடும். பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ம் வருஷம் 23-ம் வாரம். காற்று அழுத்தம் சாதாரணக் காருக்கு உள்ளதுபோல் 32 பிஎஸ்ஐ வேண்டாம். இந்த எடைக்குப் பெரும்பாலும் 18-20 போதும். டயர் குளிர்ந்திருக்கும்போது பார்க்க வேண்டும். கூட வைத்தால் டயர் நடுவில் மட்டும் தரையைத் தொடும், ஈரத்தில் வழுக்கும்.

அலைன்மென்ட் (சக்கரங்கள் நேராக நிற்கின்றனவா என்று) பார்க்கும் நாளில் ஒன்றை மறக்காதே. நீ 70 கிலோ என்றால் 550 கிலோ வண்டியில் எட்டில் ஒரு பங்கு நீ. காலி வண்டியில் வைத்த அளவு, நீ உட்கார்ந்ததும் மாறிவிடும். ஓட்டுநர் இருக்கையில் உன் எடைக்கு மணல் மூட்டை வை. இரண்டு பக்கமும் வண்டியின் நடுக்கோட்டுக்கு இணையாக நூல் கட்டி, ரிம்மின் முன் விளிம்பிலும் பின் விளிம்பிலும் நூலுக்குள்ள தூரத்தை அள. ஸ்டீல் ஸ்கேல் இருந்தால் அரை மி.மீ. வரை பிடித்துவிடலாம்.

மின்சாரத்தில் பாதிக் கோளாறு எர்த்தில்தான். பவுடர் கோட்டிங் மேல் எர்த் வயரைப் பூட்டினால் மின்சாரம் போகாது. பளபளப்பாகச் சுரண்டி, ஸ்டார் வாஷர் போட்டு இறுக்கி, மேலே கிரீஸ் பூசிவிடு. பேட்டரி 12.4 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் சார்ஜ் போடு.

உன் வண்டியில் இருப்பது வெபர் டிசிஓஇ கார்புரேட்டர். அதைப் பிடிக்கும் நட்டுகளை மட்டும் முழுசாக இறுக்காதே. அடியில் இருக்கும் ஸ்பிரிங் வாஷர் கொஞ்சம் கொடுக்க வேண்டும், கார்புரேட்டரைக் கையால் பிடித்தால் லேசாக அசையணும். இறுக்கிவிட்டால் எஞ்சின் அதிர்வில் மிதவை அறையில் பெட்ரோல் நுரைத்து, ஒரு குறிப்பிட்ட வேகத்தில் எஞ்சின் திணறும். ஜெட்டை மாற்றி மாற்றிப் போட்டாலும் அது தீராது.

கடைசியாக, பின் ஆக்ஸில். ஆக்ஸிலேட்டரை விட்டு மறுபடி மிதிக்கும்போது பின்னால் 'டொக்'கென்று சத்தம் வந்தாலோ, பின்பக்கம் தானாகத் திரும்புவதுபோல் இருந்தாலோ பின் ஆக்ஸிலைச் சட்டத்தோடு பிடிக்கும் 'A' வடிவக் கையான ஏ-ஃப்ரேமின் புஷ்ஷை முதலில் சந்தேகி. எண்ணெய் கசிகிறது என்று நீ சொன்ன, அந்த புஷ் பூட்டும் பிராக்கெட்டைத் துடைத்துவிட்டு ஐம்பது கிலோமீட்டர் ஓட்டிப் பார். எண்ணெய் மறுபடி கசிந்திருந்தால் வெளிச்சத்தில் கிட்டத்தில் வைத்துப் படம் எடுத்து அனுப்பு. வெல்டில் விரிசலா, வெறும் சீலா என்று பார்த்துச் சொல்கிறேன். படம் அனுப்பிய பிறகு நான் பதில் சொல்லும்வரை பாகம் எதுவும் வாங்காதே, வண்டியையும் எடுக்காதே.

அன்புடன்,
அப்பா