எச்சில் ஊறாத வாய்க்கு வைத்தியம் பார்த்தவர்களுக்கு

வணக்கம்.

தலை, கழுத்துப் புற்றுநோய்க்குக் கரண்டு (கதிர்வீச்சு சிகிச்சை) வைத்துக்கொண்டவர்களும் அவர்களுக்குத் துணை இருப்பவர்களும் சேர்ந்து எழுதும் மடல் இது. கட்டி கரைந்ததற்கான நன்றியை நேரிலேயே சொல்லிவிட்டோம். இது வேறு நன்றி. சிகிச்சை முடிந்த பிறகும் விடாமல் கூடவே வரும் வாய் வறட்சியை, "போகப் போகச் சரியாகிடும்" என்று தள்ளிவிடாமல் வைத்தியம் பார்த்தவர்களுக்கானது. என்னென்ன செய்தீர்கள் என்பதை அளவோடு எழுதினால் இனி வருகிறவர்களுக்கும் பயன்படும்.

முதலில், திட்டமிடும் அறையில் இருக்கும் இயற்பியலாளர்களுக்கு. உங்கள் முகத்தைப் பெரும்பாலான நோயாளிகள் பார்ப்பதே இல்லை. கட்டிக்கு 66 முதல் 70 கிரே (கதிரின் அளவைச் சொல்லும் அலகு) வரை போய்ச் சேர வேண்டும். காதுக்கு முன்னால் இருக்கும் பரோட்டிட் என்ற எச்சில் சுரப்பியிலோ சராசரி அளவு 26 கிரேக்குள் நின்றால்தான் எச்சில் ஓரளவாவது திரும்பும். கட்டியின் வடிவத்துக்கேற்பக் கதிரின் அளவைக் கூட்டிக் குறைக்கும் ஐ.எம்.ஆர்.டி. முறையில் ஒரு பக்கச் சுரப்பியையாவது காப்பாற்ற மெனக்கெட்டீர்கள். கட்டி இருக்கும் இடத்தால் சிலருக்கு அது முடியாது என்பதையும் முன்பே சொன்னீர்கள். பரோட்டிட் தப்பியும் இரவில் ஏன் நாக்கு அண்ணத்தில் ஒட்டுகிறது என்று கேட்டவர்களுக்கு விளக்கமும் கிடைத்தது: சும்மா இருக்கும்போது ஊறும் எச்சிலில் பெரும்பங்கு தாடைக்கு அடியில் உள்ள சுரப்பியிலிருந்து வருகிறது.

பல் மருத்துவருக்குத்தான் பெரிய கடன். கரண்டு தொடங்கும் முன்பே எல்லாப் பற்களையும் பார்த்து, தேறாதவற்றை எடுத்து, புண் ஆற இரண்டு வாரமாவது இடைவெளி கேட்டு வாங்கினீர்கள். சிகிச்சையைத் தள்ளிப்போடுவதாகச் சிலருக்கு அப்போது எரிச்சல்தான். அதிக அளவு கதிர் பட்ட தாடையெலும்பில் ரத்த ஓட்டம் குறைந்துபோகும். பிறகு பல் பிடுங்கினால் குழி ஆறாமல் எலும்பே செத்துப்போகலாம். இந்த ஆபத்து ஆண்டுகள் கடந்தாலும் போவதில்லை. அதனால்தான் ஒவ்வொருவர் ஃபைலின் மேலட்டையிலும் "கதிர்வீச்சு மருத்துவரைக் கேட்காமல் பல் பிடுங்கக் கூடாது" என்று சிவப்பு மையில் எழுதி, எந்தப் பக்கம், எத்தனை கிரே என்பதையும் கீழே குறித்துத் தந்தீர்கள். ஊரில் வேறு பல் மருத்துவரிடம் போகும்போது அந்த அட்டையை நீட்டினாலே போதும்.

எச்சில் இல்லாத வாயில் அமிலத்தைத் தணிக்க ஆளில்லை. அதனால் சொத்தை, ஈறு ஓரத்தில் பல்லின் கழுத்தைச் சுற்றித்தான் முதலில் விழும். சில மாதங்களிலேயே பல் ஒடியவும் கூடும். அதற்கு நீங்கள் கொடுத்த காவல், பல் வரிசைக்கு அளவெடுத்துச் செய்த இரண்டு தட்டுகள். 1.1 சதவீத நடுநிலை சோடியம் ஃபுளோரைடு ஜெல்லை அதில் மெல்லிய கோடாக இட்டு, இரவு பல் துலக்கியபின் 5 முதல் 10 நிமிடம் வைத்திருந்து துப்ப வேண்டும். வாய் கொப்பளிக்கக் கூடாது; அரை மணி நேரம் எதுவும் உள்ளே போகக் கூடாது. ஜெல்லை வழிய வழிய நிரப்புகிறவர்கள் அதை விழுங்கிவிட்டு வயிற்றைப் புரட்டுகிறது என்று பாதியில் விடுகிறார்கள். தட்டைக் கொதிநீரில் கழுவினால் வளைந்து போகும், பிறகு பல்லில் உட்காராது.

வார்டு செவிலியர் சகோதரிகளுக்கு: கொப்பளிக்கும் தண்ணீருக்கு 1 லிட்டர் ஆறிய வெந்நீர், தலைதட்டி 1 டீஸ்பூன் தூள் உப்பு, தலைதட்டி 1 டீஸ்பூன் சமையல் சோடா. விரலால் தலைதட்டிக் காட்டியதற்கே தனியாக ஒரு நன்றி. குவித்துப் போட்டால் குமட்டும். பேக்கிங் பவுடர் வேறு பொருள், அதில் அமிலம் கலந்திருக்கும். விழித்திருக்கும் நேரமெல்லாம் 2 மணிக்கு ஒருமுறை கொப்பளித்துத் துப்ப வேண்டும். மிச்சத்தை மறுநாளுக்கு வைக்கக் கூடாது. ஆல்கஹால் கலந்த மவுத்வாஷை வாங்கி வந்தவர்களைத் திருப்பி அனுப்பினீர்களே, அதுவும் சரி.

மருந்துக்கடைத் தம்பிக்கு: எச்சிலைச் சுரக்கவைக்கும் பைலோகார்பின் 5 மி.கி. மாத்திரையைச் சொல்லிவைத்து வரவழைத்துக் கொடுத்தீர்கள். டாக்டர் எழுதியபடி ஒரு நாளைக்கு 3 வேளை. சுரப்பியில் கொஞ்சமாவது உயிர் மிச்சமிருந்தால்தான் இது வேலை செய்யும். பலன் தெரிய 12 வாரம்கூட ஆகலாம். வியர்த்துக் கொட்டும், அடிக்கடி சிறுநீர் வரும், இரவில் பார்வை மங்கலாம். இதைச் சொல்லாமல் கொடுத்தால் மூன்றாம் நாளே நிறுத்திவிடுவார்கள். கட்டுக்குள் வராத ஆஸ்துமா, குறுங்கோண க்ளாக்கோமா (ஒருவகைக் கண்ணழுத்த நோய்) உள்ளவர்களுக்கு ஆகாது என்பதால் நீங்கள் கேட்டே கொடுத்தீர்கள். இதே பெயரில் கண் சொட்டு மருந்தும் இருக்கிறது. அதைத் தாமாக வாயில் விட்டுக்கொள்ளக் கூடாது. சளிக்குச் சாப்பிடும் செட்ரிசின், தூக்கத்துக்கும் நரம்பு வலிக்கும் எழுதும் அமிட்ரிப்டிலின் இரண்டும் வாயை மேலும் உலர்த்தும் என்று சீட்டைப் பார்த்துச் சொன்னவரும் நீங்கள்தான்.

கார்பாக்ஸிமீத்தைல் செல்லுலோஸ் என்ற வழவழப்புப் பொருள் கலந்த செயற்கை உமிழ்நீரைச் சாப்பாட்டுக்குச் சற்று முன்பும் படுக்கும்போதும் பயன்படுத்தச் சொன்னீர்கள். தண்ணீர் நனைக்கும், வழவழப்புத் தராது. அந்த வேறுபாடு இரவில்தான் புரியும்.

கேண்டீன் அக்காவுக்கு: சாம்பாரில் ஊறிக் குழைந்த இட்லி, தேங்காய்ப்பாலில் நனைத்த இடியாப்பம், மோர் தாராளமாக விட்ட தயிர்சாதம். மிளகாயும் புளியும் பாதி. பொரியலைத் தனியே வைக்காமல் பருப்போடு மசித்தீர்கள். எச்சில் ஊறட்டும் என்று எலுமிச்சை மிட்டாயும் ஊறுகாயும் கொண்டுவந்த உறவினர்களை நீங்களே மறித்தீர்கள். பல் இருப்பவர்களுக்கு அந்தப் புளிப்பு சொத்தைக்கு அழைப்பு. பாக்கு கொண்டுவந்தவர்களை என்ன சொல்ல? பாக்கே புற்றுநோயைக் கொண்டுவரும் பொருள். மெல்ல ஏதாவது வேண்டுமென்றால் சர்க்கரை இல்லாத சைலிட்டால் சூயிங்கம் போதும். வீட்டில் நாய் இருந்தால் அதற்கு எட்டாத இடத்தில் வைக்க வேண்டும், நாய்க்கு அது விஷம்.

விழுங்கும் பயிற்சி கொடுத்த தெரபிஸ்ட்டுக்கும் நன்றி: ஒரு வாய் சோறு, ஒரு மிடறு தண்ணீர், நிமிர்ந்த முதுகு.

கடைசியாக, வீடு தேடி வரும் செவிலியர்களுக்கு. வாய் திடீரென எரிந்தால் அது வறட்சி மட்டும்தான் என்று விட்டுவிடாமல், டார்ச் அடித்துக் கன்னத்தின் உட்புறமும் கடைவாய் வெடிப்பும் பார்த்தீர்கள். துடைத்தால் பெயர்ந்து வரும் வெள்ளைப் படலம் பூஞ்சையாக இருக்கலாம். டாக்டரிடம் காட்டி மருந்து வாங்க வேண்டும். பல்செட் இருந்தால் இரவு கழற்றிக் கழுவி ஊறவைக்காதவரை அந்தப் பூஞ்சை திரும்பத் திரும்ப வரும்.

நன்றியுடன்,
சிகிச்சை பெற்றவர்களும் துணை இருப்பவர்களும்