சித்தப்பா, சியாட்டில் போனால் இதை விட்டுவிடாதீர்கள்

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

செப்டம்பரில் தம்பி வீட்டுக்கு சியாட்டில் கிளம்புகிறீர்கள் என்று சித்தி போனில் சொன்னார்கள். தம்பி உங்களை ஸ்பேஸ் நீடில் கோபுரத்துக்கும் விமான மியூசியத்துக்கும் கூட்டிப்போவான். போங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் காலமெல்லாம் மரக்கடையில் உட்கார்ந்து, மோந்து பார்த்தே இது என்ன மரம் என்று சொல்கிற ஆளுக்கு அங்கே வேறொரு ஊர் இருக்கிறது.

போர்ட் டவுன்சென்ட் என்று பெயர். பழைய துறைமுகம். செப்டம்பர் முதல் திங்கள் அவர்களுக்குத் தொழிலாளர் தினம். அதற்கடுத்து வருகிற வெள்ளி, சனி, ஞாயிறு அந்த ஊரில் மரப்படகுத் திருவிழா. 1977-லிருந்து நடக்கிறது. பாயிண்ட் ஹட்சன் என்ற சின்னத் துறைக்குள் 300 படகுகளுக்குமேல் இடித்துக்கொண்டு நிற்கும், அத்தனையும் மரம்.

சியாட்டிலில் காரோடு ஃபெரியில் ஏறி பெயின்பிரிட்ஜ் தீவில் இறங்கவேண்டும். அங்கிருந்து போகும் வழியில் ஹூட் கனால் பாலம் வரும். கடல்மேல் மிதக்கிற பாலம் அது. நம்ம வண்டியூர் தெப்பம் காலி பேரல்கள்மேல் நிற்கிற மாதிரி, உள்கூடான கான்கிரீட் பெட்டிகள்மேல் ரோடு போகிறது. 1979 பிப்ரவரிப் புயலில் பாதிப் பாலம் மூழ்கிப்போய், 1982-ல்தான் திரும்பத் திறந்தார்கள். சித்தியிடம் இதைப் பாலம் தாண்டின பிறகு சொல்லுங்கள்.

ஊரின் கதை உங்களுக்குப் பிடிக்கும். 1880-களின் கடைசியில், பெரிய ரயில் தடம் வரப்போகிறது என்று நம்பி, செங்கல்லும் கல்லுமாக மாடி மாடியாகக் கட்டித் தள்ளியிருக்கிறார்கள். ரயில் வந்து சேரவே இல்லை. 1890-களில் பணமெல்லாம் வேறு ஊருக்குப் போய்விட்டது. இடித்துவிட்டுப் புதிதாகக் கட்ட யாரிடமும் காசில்லை, அதனால் கட்டடங்கள் தப்பித்தன. இன்றைக்கு அதைப் பார்க்கத்தான் கூட்டம் வருகிறது. மதுரை மாசி வீதிகளில் பழைய வீடுகளை ஒவ்வொன்றாக இடிப்பதைப் பார்க்கும்போது, நமக்கும் கொஞ்சம் காசில்லாமல் போயிருக்கலாம் என்று தோன்றுகிறது.

அட்வென்ச்சரஸ் என்று ஒரு இரட்டைப் பாய்மரக் கப்பலுக்கு போர்ட் டவுன்சென்ட்தான் சொந்தத் துறை. 1913-ல் கட்டியது, 133 அடி. அது வந்திருந்தால் ஏறிப் பார்க்க வரிசை நிற்கும். நீங்களும் நில்லுங்கள், ஆனால் பொழுதை அங்கேயே போக்கிவிடாதீர்கள். உங்களுக்கான இடம் கரையில், பட்டறைக்காரர்கள் வேலை செய்து காட்டுகிற கொட்டகையில்.

நான் அங்கேயேதான் நின்றேன். நீளமான ஒரு மரப்பெட்டி, அதற்குள் நீராவி. படகின் விலாவுக்கான வெள்ளை ஓக் சட்டங்களை அதற்குள் அவிக்கிறார்கள். ஒரு அங்குலக் கனத்துக்கு ஒரு மணி நேரம் என்று கணக்கு. சூளையில் காயவைத்த மரம் ஆகாதாம், ஒடிந்துவிடும், பச்சை மரம்தான் வேண்டுமாம். நம்மூரில் ஈரமரத்தை விற்றால் சண்டைக்கு வருவார்கள்! கனமான கையுறை மாட்டிய இரண்டு பேர் சட்டத்தை உருவிக்கொண்டு ஓடுகிறார்கள், அச்சில் வைத்து அழுத்தி வளைத்துக் கிளாம்ப் போடுகிறார்கள். எல்லாம் ஒரு நிமிஷத்துக்குள். சூடு இறங்கினால் மரம் முறைத்துக்கொள்ளும், அப்புறம் வளையாது.

கிளாம்ப் போட்டவரிடம் நான் சும்மா இருக்கமாட்டாமல், எங்கள் பக்கம் கீழக்கரையில் படகு கட்டுகிற ஓடாவிகள் மரத்தை வளைக்கமாட்டார்கள், நாட்டுக் கருவேலத்தில் தானாக வளைந்த கிளையாகத் தேடிப்பிடித்து வங்குக்கு, அதாவது படகின் விலாவுக்கு, வெட்டுவார்கள் என்று சொன்னேன். ஆள் வேலையை அப்படியே விட்டுவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டார். எந்த மாசம் வெட்டுவார்கள், எத்தனை நாள் ஆறப்போடுவார்கள், உப்புத்தண்ணீரில் எத்தனை வருஷம் நிற்கும், ஆணி இரும்பா செம்பா? பேங்கில் வேலை பார்த்தவனுக்கு என்ன தெரியும்? முழித்தேன். கீழக்கரைக்கும் தேவிபட்டினத்துக்கும் லாரி லாரியாகக் கருவேலமும் வேம்பும் அனுப்பின எங்கள் சித்தப்பாவைக் கேட்கவேண்டிய கேள்வி என்று மட்டும் சொல்லிவைத்தேன்.

அதனால் வேடிக்கை பார்க்கப் போகிறவராக உங்களை நான் நினைக்கவில்லை. அங்கே பலகைச் சந்தில் தண்ணீர் புகாமல் பஞ்சு திணித்து உளியை வைத்துத் தட்டுவார்கள். சத்தத்தைக் கேட்டே இறுகிவிட்டதா என்று சொல்லிவிடுகிறார்கள். நம்ம ஆட்களும் கலப்பத்து வேலையில் பஞ்சும் குங்கிலியமும் வைத்துச் செய்கிறவர்கள்தானே. ராமநாதபுரம் கடற்கரை பூராவும் ஃபைபர் படகு வந்துவிட்டது, ஓடாவி மகன் ஃபர்னிச்சர் கடைக்குப் போய்விட்டான். இரண்டரை மணி நேரத்தில் இருக்கிற கடற்கரையின் இந்த வித்தையை மதுரையில் யாரும் ஒரு பொருட்டாக நினைத்ததே இல்லை. அங்கே அதே வேலைக்கு டிக்கெட் எடுத்துக்கொண்டு வந்து நிற்கிறார்கள். எனக்கு அதில் கொஞ்சம் வயிற்றெரிச்சல்தான்.

பத்தாயிரம் பேர் இருக்கிற ஊர், திருவிழாச் சமயத்தில் ரூம் கிடைக்காது. தம்பியை இப்போதே போடச் சொல்லுங்கள். ஸ்வெட்டர் அவசியம், காற்று எலும்புக்குள் போகும். சாப்பாடு எல்லாம் மீனும் உருளைக்கிழங்கும், சித்தியின் புளியோதரை கையில் இருக்கட்டும். ஞாயிறு மதியம் படகுகள் எல்லாம் ஒன்றாகப் பாய் விரித்துக் கிளம்பும், அதைப் பார்க்காமல் திரும்பாதீர்கள்.

கீழக்கரையில் பாதி கட்டின வத்தைப் படகுக்குப் பக்கத்தில் நீங்கள் நிற்கிற கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று பீரோவில் இருக்குமே, வங்கு மட்டும் நிற்க, பலகை ஏறாத படம், அதைத் தேடி எடுத்து வையுங்கள். கொட்டகையில் அந்த மனுஷரிடம் அதை நீட்டினால் போதும். தம்பி மொழிபெயர்த்துக்கொள்வான்.

அன்புடன்,
உங்கள் அண்ணன் மகன்