வரையறைக்கு முன் கதையைக் கொடுங்கள்: தமிழ்ப் பாடநூல் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

பாடநூல் எழுதுவோருக்கும் வினாத்தாள் அமைப்போருக்கும் வணக்கம்.

சிறுகதைப் பாடம் தொடங்கும்போதே கதைக்கரு, கதைப்பின்னல், நோக்குநிலை, உத்தி, முரண், குறியீடு என்று பத்துப் பன்னிரண்டு சொற்களுக்கு வரையறை கொடுத்துவிடுகிறோம். மாணவர்கள் மனப்பாடம் செய்கிறார்கள். ‘குறியீடு என்றால் என்ன?’ என்று கேட்டால் முழு மதிப்பெண் வாங்குகிறார்கள். முன்பின் படித்திராத ஒரு கதையைக் கையில் கொடுத்தால் கதைச்சுருக்கம்தான் எழுதுகிறார்கள். கதை முதலில், கேள்வி அடுத்து, கலைச்சொல் கடைசியில் என்று இந்த வரிசையை மாற்றித் தாருங்கள்.

முதல் ஆண்டுக்கு ஐந்து சொற்கள் போதும்: கதைப்பின்னல், பாத்திரம், களம், நோக்குநிலை, கதைக்கரு. இவற்றில் அதிக நேரம் கேட்பது நோக்குநிலை. யார், எங்கே, என்ன நடந்தது என்பதை மாணவர்கள் தாமாகவே பிடித்துவிடுவார்கள். யார் கண் வழியாகப் பார்க்கிறோம் என்பதை, யாராவது கேட்கும்வரை யோசிக்கமாட்டார்கள்.

பாடநூலில் இப்படி ஒரு பயிற்சி வைக்கலாம். ‘கதவைத் திறந்தேன். அப்பா தலையைத் திருப்பவே இல்லை. என்மேல் இன்னும் கோபம்தான்.’ அடுத்து அதே காட்சி: ‘அவள் கதவைத் திறந்தாள். அவர் தலையைத் திருப்பவில்லை. கண் கலங்கியிருப்பதை அவள் பார்த்துவிடக்கூடாது.’ மூன்றாவதாக: ‘கதவு திறந்தது. அவள் உள்ளே வந்தாள். அவர் தலையைத் திருப்பவில்லை.’ நடந்தது ஒன்றேதான். முதலாவதில் கோபம் என்பது மகளின் ஊகம். இரண்டாவது அப்பாவின் மனத்துக்குள் இருந்து வருகிறது. மூன்றாவது எவர் மனத்துக்குள்ளும் போகவில்லை. ‘இந்த வரியை யாரால் மட்டும் சொல்ல முடியும்?’ என்று வரிவரியாகக் கேட்கச் சொல்லுங்கள். விடை வந்தபிறகு ‘நோக்குநிலை’ என்ற சொல்லைக் கொடுங்கள்.

இங்கே இரண்டு தவறுகள் திரும்பத் திரும்ப வரும். தன்மையா படர்க்கையா என்று சொன்னதோடு வேலை முடிந்ததாக நினைப்பது ஒன்று. மேலே இரண்டாவதும் மூன்றாவதும் படர்க்கைதான், ஆனாலும் அவை வேறு வேறு. கதைசொல்லியையும் எழுத்தாளரையும் ஒருவராகவே எடுத்துக்கொண்டு ‘ஆசிரியர் தம் அப்பாவைப் பற்றிக் கூறுகிறார்’ என்று எழுதுவது மற்றொன்று. கதையில் வரும் ‘நான்’ தவறாக ஊகிக்கலாம், பொய்கூடச் சொல்லலாம் என்பது பிடிபட்டால்தான் மேல்வகுப்பில் ‘நம்பகமற்ற கதைசொல்லி’ என்பது புரியும்.

கதைப்பின்னலுக்கு, அதாவது நிகழ்ச்சிகள் காரணத்தால் ஒன்றோடொன்று கோக்கப்பட்டிருக்கும் விதத்துக்கு, சோதனை எளிது. இரண்டு நிகழ்ச்சிகளுக்கு நடுவே ‘பிறகு’ என்பதை எடுத்துவிட்டு ‘அதனால்’ என்று போட்டால் பொருந்துகிறதா என்று பார்க்கவேண்டும். தொடக்கம், வளர்ச்சி, உச்சம், இறக்கம், முடிவு என்ற ஐந்து படிகளைக் கட்டாயமாக்காதீர்கள். குஸ்டாவ் ஃப்ரைடாக் என்ற ஜெர்மானியர் 1863இல் நாடகங்களை, முக்கியமாக ஐந்து அங்கத் துன்பியல் நாடகங்களை, மனத்தில் வைத்து வகுத்த அமைப்பு அது. உச்சத்தின் விளிம்பில் தொடங்கும் சிறுகதைகளும் முடிவைச் சொல்லாமல் நிறுத்துபவையும் ஏராளம். அவற்றில் ‘இறக்கம்’ எங்கே என்று கேட்டால் மாணவர் இல்லாததைக் கற்பனை செய்து எழுதுவார்.

கதைக்கருவை ஒற்றைச் சொல்லில் ஏற்காதீர்கள். ‘தியாகம்’ என்பது பேசுபொருள்; தியாகத்தைப் பற்றி இந்தக் கதை என்ன சொல்கிறது என்பதற்கு முழு வாக்கியம் வேண்டும். அந்த வாக்கியம் கதையின் முடிவோடு முரண்பட்டால் திருத்தவேண்டும். எந்தக் கதைக்கும் ஒட்டக்கூடிய நீதிமொழியாக இருந்தாலும் திருத்தவேண்டும். இன்னொன்று: இதைச் சில இடங்களில் ‘கருப்பொருள்’ என்று அச்சிடுவதைத் தவிருங்கள். தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை எனத் திணைப் பாடத்தில் வரும் கருப்பொருளோடு மாணவர்கள் குழப்பிக்கொள்கிறார்கள்.

குறியீடு இரண்டாம் ஆண்டுக்குப் போகட்டும். முதலிலேயே கொடுத்தால் மழை பெய்தால் சோகம், விளக்கு அணைந்தால் மரணம் என்று எல்லாப் பொருளும் குறியீடாகிவிடும். அந்தப் பொருள் மறுபடி வருகிறதா, திருப்பமான இடத்தில் வருகிறதா, அதை நீக்கினால் கதை எதையாவது இழக்கிறதா என்ற மூன்றையும் கேட்டுப் பழகிய பிறகே அந்தச் சொல் பயன்படும்.

வினாத்தாள் மாறாமல் இவை எதுவும் வகுப்பறைக்குள் வராது. வரையறை கேட்கும் வினாக்களை நீக்கிவிட்டு, பாடநூலில் இல்லாத, சுமார் 300 சொல் கொண்ட ஒரு கதையை அச்சிடுங்கள். ஒவ்வொரு வினாவுக்கும் மூன்று மதிப்பெண்: சரியான கலைச்சொல்லுக்கு 1, கதையிலிருந்து எடுத்துக்காட்டும் வரிக்கு 1, அந்த வரி அதை எப்படிக் காட்டுகிறது என்ற விளக்கத்துக்கு 1. விடைக்குறிப்பில் ஒரே விடையைத் தராமல், ஏற்கத்தக்க இரண்டு மூன்று விடைகளையும் ஒவ்வொன்றுக்கும் ஆதாரமான வரிகளையும் சேர்த்துக் கொடுங்கள்.

அன்புடன்,
கதை வாசிப்பைக் கற்பிக்கும் ஆசிரியர்கள் சிலர்