ஞாயிறு சந்திப்பு: நாகப்பட்டினத்துப் பையன்களின் நாவல்

நண்பர்களுக்கு வணக்கம். வரும் ஞாயிறு மாலை 5 மணிக்கு, வழக்கமான இடத்தில், நாகப்பட்டினத்துப் பையன்களைப் பற்றி ஒருவர் எழுதிய முதல் நாவலைப் பேசுகிறோம்.

கதை ஏப்ரல் 15-ல் தொடங்குகிறது. விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். ஜூன் 14 வரை, 61 நாள், அக்கரைப்பேட்டை மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் உடைக்கிற வேலை, மீன் கூடை தூக்குகிற வேலை எல்லாம் அநேகமாக நின்றுபோகும். நாலு பையன்கள் நாகூருக்கும் வேளாங்கண்ணிக்கும் நடுவில் சுற்றுகிறார்கள். குடி, கடன், அடிதடி. கரையேற்றிய படகின் அடியில் ஒட்டிய சிப்பியைச் சுரண்டி ஒருவன் விரலைக் கிழித்துக்கொள்கிறான். அன்று ராத்திரி அதே விரலால் பரோட்டாவைப் பிய்க்கிறான், சால்னா பட்டு எரிகிறது. அவன் அம்மாவை 2004 சுனாமி கொண்டுபோனதை நாவல் ஒரே வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறது. எனக்குத் தாங்கவில்லை.

கெட்ட வார்த்தை நிறைய இருக்கிறது. அதற்காக ஒதுக்கிவிடாதீர்கள், இந்தப் பையன்கள் வேறு எப்படிப் பேசுவார்கள்? முடிவுதான் அவசரப்பட்டதுபோல் தெரிகிறது, அதைப் பேசியே ஆகவேண்டும்.

அப்புறம், பிரதிகள் குறைவு. திருவாரூர்க்காரர்கள் படித்ததும் கைமாற்றிவிடுங்கள். வருகிறவர்கள் இங்கேயே சொல்லிவிடுங்கள்.